ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை: ஜெட் படகின் இன்டேக்கை எங்கிருந்து சரிசெய்வது?

கேள்வி இதுதான்: ஐந்தரை மீட்டர் நீள அலுமினியப் படகு, ஒற்றை ஜெட் பம்ப், பெரும்பாலும் ஆழம் குறைந்த ஆற்றில் ஓட்டம். சென்ற பருவத்தைவிட முழு த்ராட்டிலில் 300 ஆர்.பி.எம். கூடுதலாகக் காட்டுகிறது, வேகமோ குறைந்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது எஞ்சின் திடீரென்று அலறி, பிறகு பிடித்துக்கொள்கிறது. பெரிய ஸ்கூப் கிரேட்டும் (தண்ணீரை வாரி உள்ளே தள்ளும் கம்பித் தடுப்பு) புது இம்பெல்லரும் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) வாங்கிப் போட்டால் சரியாகுமா?

இரண்டையும் இப்போது வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், பம்புக்குள் தண்ணீரோடு காற்றும் போகிறது. அதோடு இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் தேய்மான வளையமான வேர் ரிங்குக்கும் இடையிலான இடைவெளியும் கூடியிருக்கலாம். காற்று வரும் வழியை அடைக்காமல் எவ்வளவு விலை கொடுத்து இம்பெல்லர் மாட்டினாலும் அதுவும் இதே நுரையைத்தான் கடையப் போகிறது. முதலில் இன்டேக், அதாவது பம்புக்குத் தண்ணீர் எடுக்கும் வாய், என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம், அது தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பது தானாக விளங்கும்.

130 மி.மீ. விட்டமுள்ள நாஸில் (பின்னால் தண்ணீரைப் பீய்ச்சும் குழல்வாய்) வழியாகத் தண்ணீர் விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 400 லிட்டர். அவ்வளவும் படகின் அடியில் இருக்கும் ஒரு வாய் வழியாக, கிரேட் கம்பிகளுக்கு நடுவே, சுழலும் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டு, சரிவில் ஏறி இம்பெல்லரை அடைய வேண்டும். படகு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பம்ப் தானே உறிஞ்சித்தான் தண்ணீர் எடுக்கிறது; அந்த நேரத்தில் இன்டேக்குக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. படகு வேகம் பிடித்தபின் நிலைமை தலைகீழ்: தண்ணீர் தானே வந்து வாய்க்குள் மோதுகிறது, தேவைக்கு மேற்பட்டது பின்விளிம்பைத் தாண்டி வெளியே வழிகிறது. ஒரே வாய் இந்த இரண்டு நிலைக்கும் ஒத்துப்போக வேண்டியிருப்பதால், எல்லா இன்டேக்கும் ஒரு சமரசம்தான். தயாரித்தவர் செய்த சமரசத்தை நாம் அவசரப்பட்டுக் கலைத்தால், ஒரு முனையில் கிடைக்கும் லாபம் மறுமுனையில் போய்விடும்.

பம்ப் 'வழுக்குவது' இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத பாகங்களுக்குப் பணம் போகிறது.

முதலாவது, வெளிக்காற்று உள்ளே வருவது. படகின் அடியில் சிக்கி வரும் குமிழி, இணைப்பில் இருக்கும் ஓட்டை, தேய்ந்த ஷாஃப்ட் சீல் என்று வழிகள் பல. இரண்டாவது, கேவிட்டேஷன். இம்பெல்லர் இறக்கையின் முதுகில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, தண்ணீர் அந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவிக் குமிழியாகிறது. 30 டிகிரி தண்ணீருக்கு அந்த ஆவி அழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். அழுத்தம் அந்த அளவுக்கு இறங்க வேண்டுமென்றால் ஏதோ ஒன்று தண்ணீரின் வழியை நெரிக்க வேண்டும்: அடைத்துக்கொண்ட கிரேட், மழுங்கிய இறக்கை விளிம்பு, வேர் ரிங்கைத் தாண்டிப் பின்னோக்கிக் கசியும் தண்ணீர். கேவிட்டேஷன் ஆவிக் குமிழிகள் இறக்கையின் மேல் உடையும்போது உலோகத்தையே கொத்தித் தின்னும். இறக்கையின் முதுகில் அம்மைத் தழும்பு போலச் சொரசொரவென்று குழிகள் தெரிந்தால் அது கேவிட்டேஷன். வெளிக்காற்று இப்படிக் குழி போடாது, தள்ளும் விசையை மட்டும் பறிக்கும்.

எந்த நேரத்தில் வழுக்குகிறது என்பதே பாதி விடை. மெதுவாகப் போகும்போது த்ராட்டிலை அழுத்தினால் வழுக்கி, வேகம் பிடித்ததும் சரியாகிவிட்டால், வேர் ரிங், இம்பெல்லர் விளிம்பு, கிரேட் அடைப்பு, ஷாஃப்ட் சீல் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். நேரே போகும்போது நன்றாக இருந்து, வளைவிலும் சிற்றலையிலும் மட்டும் அலறினால், காற்று படகின் அடியிலிருந்து வருகிறது. உங்கள் படகில் இரண்டும் கலந்திருப்பது போலத் தெரிகிறது. வளைவில் அலறுவது அடித்தளக் காற்று. எப்போதும் 300 ஆர்.பி.எம். கூடுதலாக இருப்பது தேய்மானமாகவோ சீல் வழிக் காற்றாகவோ இருக்கலாம். எஞ்சின் பலம் கூடி ஆர்.பி.எம். ஏறியது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். ஜெட் இம்பெல்லர் எடுத்துக்கொள்ளும் சக்தி ஆர்.பி.எம்.மின் மும்மடி விகிதத்தில் ஏறும். 10 சதவீதம் கூடுதல் சுழற்சிக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். சும்மா ஒரு எஞ்சின் அப்படி ஏறாது. பம்பில் சுமை குறைந்ததால்தான் ஏறுகிறது.

கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம். எஞ்சின் அணைந்து, சாவி உங்கள் சட்டைப்பையில், பேட்டரி சுவிட்ச் துண்டிக்கப்பட்ட நிலையில் மட்டுமே இன்டேக்குக்குள் கை போக வேண்டும். 'ஒரு நொடி, அந்தக் குச்சியை மட்டும் எடுத்துவிடுகிறேன்' என்று நியூட்ரலில் ஓடும் எஞ்சினோடு கை விடவே கூடாது. பெரும்பாலான ஜெட் படகுகளில் பக்கெட் (நாஸிலுக்குப் பின்னால் இறங்கித் தண்ணீரை முன்னோக்கித் திருப்பும் மூடி) நடுவில் இருப்பதுதான் நியூட்ரல். ஷாஃப்டும் இம்பெல்லரும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மேலிருந்து திறக்கும் சோதனை மூடி உங்கள் படகில் இருந்தால், மிதக்கும்போது அதன் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆட்கள் எல்லோரும் பின்பக்கம் வந்து நின்றால் அந்த மட்டம் மாறும். மட்டத்துக்குக் கீழே மூடியைத் திறந்தால் படகுக்குள் தண்ணீர் பாயும்.

இனி வேலை. படகை டிரெய்லரில் ஏற்றி, கீழே படுத்துப் பார்க்கும் அளவுக்கு உயரம் கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் கட்டை அடுக்கித் தாங்கல் கொடுக்க வேண்டும்.

ஒரு மீட்டர் நேர்க்கம்பை இன்டேக்குக்கு முன்னால் அடித்தளத்தில் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். படகின் தகடும் இன்டேக் பிளாக்கின் (இன்டேக் வாய் அமைந்த உலோகத் துண்டு) முன்விளிம்பும் சந்திக்கும் கோட்டில் கம்பு ஆடுகிறதா? அந்த இடத்தை விரல் நகத்தால் முன்னிருந்து பின்னாகத் தடவுங்கள். நகம் தடுக்கி நின்றால், அங்கே பிளாக் தகட்டைவிடக் கீழே துருத்திக்கொண்டிருக்கிறது. வேகத்தில் வரும் தண்ணீர் அந்தப் படியில் மோதிப் பிரிந்து, சுழல் நிறைந்த ஓட்டமாக நேரே வாய்க்குள் போகும். நகம் தடுக்காமல் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கினால் பாதிப்பு குறைவு, ஆனாலும் நிரப்புவது நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கேஸ்கெட் ஓரமோ, பழைய சிலிகான் பட்டையோ நாக்கு போல 2 மி.மீ. வெளியே தொங்குகிறதா? இது மிகவும் சாதாரணமாகக் காணக்கூடிய குறை. கூரிய பிளேடால் தகட்டோடு தகடாகச் சீவி எடுத்துவிடுங்கள். செலவே இல்லாத வேலை, பலன் உடனே தெரியும்.

படியை நிரப்ப, நீருக்கடியில் நிற்கக்கூடிய உலோக எபாக்சி போதும். முதலில் அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, 80 நம்பர் சாண்ட்பேப்பரால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சொரசொரப்பாக்கி, மறுபடி அசிட்டோன். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் விரைவில் படியும், அதனால் தேய்த்த அன்றே, முடிந்தால் அந்த மணிநேரத்துக்குள்ளேயே எபாக்சியைப் பூசுங்கள். தகட்டில் முன்னோக்கி 10 முதல் 15 செ.மீ. வரை மெல்லிய சரிவாக இழுத்துவிட வேண்டும், 2 மி.மீ. படியை 2 செ.மீ.க்குள் ஏற்றினால் அது இன்னொரு மேடுதான். காய்ந்தபின் கட்டையில் சுற்றிய 120, பிறகு 240, கடைசியில் 400. அதற்கு மேல் கண்ணாடி போல மெருகேற்றுவது கண்ணுக்கு அழகு, வேகத்துக்கு ஒன்றும் சேர்க்காது. இந்தப் பூச்சு இணைப்பை மூடிப் பூசப்படுவதால், இன்டேக் பிளாக்கை அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும் படகு என்றால் இணைப்புக் கோட்டில் மட்டும் எபாக்சிக்குப் பதில் பாலியூரிதேன் சீலன்ட் விடுங்கள். 3எம் 4200 அல்லது அதுபோன்ற நடுத்தரப் பிடிப்புள்ளது ஏற்றது. 5200 நிரந்தரப் பிடிப்பு. அதை இங்கே போட்டால் அடுத்தமுறை கழற்றுவது பெரும்பாடு.

அடுத்து, இன்டேக்குக்கு நேர் முன்னால் படகின் அடியில் என்ன இருக்கிறது? ஆழமானியின் சென்சார், ஏராவின் (அடியில் நடுவே ஓடும் முதுகெலும்புக் கட்டை) முனை, நீளவாக்கில் ஓடும் புடைப்புப் பட்டையான ஸ்ட்ரேக், வெல்டிங் மேடு, தட்டிப்போன பள்ளம். இன்டேக் வாயின் அகலத்தை அப்படியே முன்னோக்கி நீட்டினால் கிடைக்கும் பாதையில் இவற்றில் எதுவும் இருக்கக் கூடாது. சென்சார் மாதிரியான பொருள் பின்னால் இழுத்துவரும் குமிழிக் கோடு அப்படியே வாய்க்குள் போகும். அதைப் பின்பலகையில், ஜெட்டுக்கு எட்டாத பக்கவாட்டில் மாற்றிவிட்டு, பழைய துளைகளை வெல்டிங் வைத்து அடைத்துச் சமன் செய்யுங்கள். ஸ்ட்ரேக்கை வெட்டுவது வேறு விவகாரம்; படகு வளைவில் பிடித்து நிற்பது அதனால்தான் என்பதால், அந்த வகைப் படகைக் கட்டியவரிடம் கேட்காமல் வெட்டக் கூடாது.

உள்ளே வருவோம். இன்டேக்கைத் துளைத்துக்கொண்டு ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் சீலை எல்லோரும் தண்ணீர்க் கசிவை வைத்தே எடைபோடுகிறார்கள். படகு நிற்கும்போது அங்கே தண்ணீர் உள்ளே சொட்டும். ஆனால் கிளம்பும்போது இன்டேக்கில் அழுத்தம் தாழ்வதால், அதே ஓட்டை வழியாக எஞ்சின் அறையின் காற்று பம்புக்குள் உறிஞ்சப்படும். சொட்டுவது நின்றுவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும் அதே நொடியில்தான் அது காற்றைக் குடிக்கிறது. கயிற்றுப் பேக்கிங் வகை என்றால், பழைய வளையங்களை முழுவதும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடுங்கள். மேலே ஒன்றை மட்டும் சேர்த்து நட்டை இறுக்குவது சில நாள் வைத்தியம். வளையத்தின் முனைகளைச் சாய்வாக வெட்டி, ஒரு வளையத்தின் மூட்டும் அடுத்ததின் மூட்டும் ஒரே நேரில் வராதபடி கால் சுற்று தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். ஓடும்போது மெல்லச் சொட்டுவதுதான் அதற்குக் குளிர்ச்சி. சொட்டே இல்லாமல் இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறிப் பள்ளம் விழும். கார்பன் முக சீல் என்றால் சொட்டக் கூடாது. சொட்டினால் முகம் கீறியிருக்கிறது.

சோதனை மூடியின் ஓ-ரிங், ஸ்டாம்ப் கிரேட் (மிதித்தால் அடைப்பைக் கீழே தள்ளும் வகை) இருந்தால் அதன் அச்சு நுழையும் புஷ், மூடி இணைப்பின் கேஸ்கெட், பின்பலகை இணைப்பு. இவை நான்கும் மறக்கப்படும் இடங்கள். எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இணைப்புக் கோட்டையும் சேர்த்து மூடும் அளவுக்கு ஒரு பிளைவுட் பலகையை வெட்டி, மேலே மெத்தென்ற ரப்பர் ஃபோம் ஒட்டி, இன்டேக் வாயில் கீழிருந்து முட்டுக் கொடுத்து அழுத்துங்கள். நாஸில் வழியாக வேக்குவம் கிளீனரின் ஊதும் குழாயைச் செருகி, சுற்றிலும் துணியால் அடைத்துக் காற்றை ஊதுங்கள். படகுக்குள் உட்கார்ந்து சீல், மூடி, இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை பொங்கும். கம்ப்ரசர் காற்று வேண்டாம், அந்த அழுத்தத்தில் நல்ல சீலும் பிதுங்கும்.

இப்போது வேர் ரிங். உங்கள் 300 ஆர்.பி.எம்.மில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஆழம் குறைந்த ஆற்றில் ஓடும் பம்ப் மணலைத் தின்றுகொண்டேதான் இருக்கும். சந்து அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இறக்கை நுனிக்கும் ரிங்குக்கும் நடுவே செருகி, கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி இடங்களில் அளவெடுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஷாஃப்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு இறக்கைக்கும் இதைச் செய்யுங்கள். சரியான அளவு உங்கள் பம்பின் கையேட்டில் இருக்கும், அதுதான் இறுதி. பொதுவாகச் சொன்னால், சிறிய, நடுத்தர ஜெட்களில் பக்கத்துக்கு 0.3 மி.மீ. அளவில் இருந்தால் புதுசு மாதிரி, 0.8 மி.மீ. தாண்டினால் கிளம்பும் இழுப்பு குறைவதை உணரலாம். சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் 190 மி.மீ. இம்பெல்லரைச் சுற்றிப் பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி என்றால், மொத்தம் 6 சதுர செ.மீ. ஓட்டை. அந்த ஓட்டை வழியே அழுத்தப்பட்ட தண்ணீர் திரும்பவும் உறிஞ்சும் பக்கத்துக்கே ஓடி, உள்ளே வரும் ஓட்டத்தையும் கலைக்கிறது.

நான்கு இடத்திலும் இடைவெளி சமமாக இருந்தால் அது மணல் தேய்மானம், ரிங்கை மாற்றினால் போதும். 6 மணி இடத்தில் ஒட்டிக்கொண்டும் 12 மணி இடத்தில் அகன்றும் இருந்தால், இம்பெல்லர் தொங்கிவிட்டது: பேரிங்கோ புஷ்ஷோ போய்விட்டது, அல்லது எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கின்றன. அதைச் சரிசெய்யாமல் ரிங்கை மட்டும் மாற்றினால், புது ரிங்கையும் இம்பெல்லர் கீழ்ப்பக்கம் அரைத்துவிடும்.

இம்பெல்லரின் முன்விளிம்பைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பாருங்கள். கல் பட்ட சிறு கொத்துகளை நுண்ணிய அரத்தால் மூல வடிவத்துக்கே கொண்டுவர வேண்டும். எல்லா இறக்கைகளிலும் ஒரே மாதிரி. விளிம்பைச் சவர பிளேடு போலக் கூராக்க வேண்டாம், அரை மில்லிமீட்டர் அளவுக்கு உருண்டை இருக்கட்டும். ஆழம் 3 மி.மீ.க்கு மேல் போன வெட்டு, அல்லது மடங்கிய இறக்கை என்றால் வெல்டிங் வைத்துச் சமநிலை பார்க்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட கிரேட். அதன் வேலை கல்லைத் தடுப்பது. கம்பிகளுக்கு இடையிலான சந்து, இம்பெல்லர் இறக்கைகளுக்கும் ஸ்டேட்டர் (இம்பெல்லருக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் பகுதி) இறக்கைகளுக்கும் நடுவே இருக்கும் மிகக் குறுகிய வழியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். கிரேட் வழியே நுழைந்த கல் எதுவும் பின்னால் சிக்காமல் வெளியேறிவிட வேண்டும் என்பதே கணக்கு. அதைவிடச் சந்தைக் குறைத்தால் பாதுகாப்பு கூடும், மூச்சு முட்டும். 200 மி.மீ. அகல வாயில் 8 மி.மீ. தடிமனில் ஏழு கம்பி வைத்தாலே 56 மி.மீ. அடைபட்டுவிடுகிறது, அதாவது கால் பங்குக்கு மேல். அதனால்தான் கம்பியின் வடிவம் முக்கியம். சதுரக் கம்பியைவிட உருண்டைக் கம்பி மேல். முன்பக்கம் உருண்டு பின்பக்கம் ஒடுங்கும் மீன் வடிவக் கம்பி அதனினும் மேல். கிரேட்டில் மேம்படுத்தல் என்று பணம் போடுவதானால் இதற்குத்தான் போட வேண்டும்.

பாசியும் புல்லும் நிறைந்த தண்ணீர் என்றால் இன்னொரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். கம்பிகள் முன்பக்கம் மட்டும் பொருத்தப்பட்டு, பின்முனை கட்டற்று இருக்கும் கிரேட்டில் புல் வழுக்கிக்கொண்டே பின்னால் போய் விழுந்துவிடும். இரு முனையும் குறுக்குப் பட்டையில் வெல்டிங் செய்ததில் பின்பட்டையில் புல் சேர்ந்து பாய் போல அடைத்துக்கொள்ளும். ஆனால் கட்டற்ற கம்பி கல்லில் பட்டால் சுலபமாக வளையும். கல் ஆறு என்றால் இரு முனையும் பிடித்தது, புல் ஆறு என்றால் பின்முனை திறந்தது என்பது சரியான தேர்வு. இரண்டும் கலந்த ஆற்றுக்குத்தான் ஸ்டாம்ப் கிரேட்: காலால் மிதித்தால் அல்லது நெம்புகோலை இழுத்தால் கம்பிகளுக்கு நடுவே விரல் போன்ற முட்கள் இறங்கி, சிக்கியதைக் கீழே தள்ளிவிடும். உங்கள் மாதிரி ஆற்றுப் படகுக்கு வாங்கத் தகுந்த முதல் துணைப்பொருள் இதுதான். அடைப்பு விழுந்தால் நடு ஆற்றில் படகை அணைத்து நீரோட்டத்தில் தவிக்க வேண்டியதில்லை. மிதித்தபின் முட்கள் முழுவதும் பழைய இடத்துக்குத் திரும்புகின்றனவா, திரும்பு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் பாருங்கள்.

கிரேட் அடைத்துக்கொண்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரும்பாலான ஜெட் படகுகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் அழுத்தப் பக்கத்திலிருந்தே வருகிறது. இன்டேக் பட்டினி கிடந்தால் எஞ்சினும் தாகத்தில் சூடேறும். ஆர்.பி.எம். ஏறி, வேகம் குறைந்து, அதோடு நடுக்கமும் வந்தால் சூட்டுமானியைப் பாருங்கள். உடனே த்ராட்டிலை விட்டு, சிக்கியதை அகற்றுங்கள். கயிறு சுற்றிக்கொண்டிருந்தால் எஞ்சினை அணைத்து, ஷாஃப்டைக் கையால் எதிர்ச் சுற்றில் திருப்பி அவிழ்க்க வேண்டும். இழுத்து அறுக்கப் பார்த்தால் இழைகள் சீலுக்குள் புகுந்துவிடும்.

கிரேட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு போல்ட் கழன்று உள்ளே போனால் இம்பெல்லர், ஸ்டேட்டர் இரண்டும் காலி. அலுமினிய பிளாக்கில் ஸ்டெயின்லெஸ் போல்ட் என்பதால் மின்வேதி அரிப்பும் சேரும். கழற்றும்போது அலுமினிய மரையில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. மரையைச் சுத்தம் செய்து, லாக்டைட் 243 போன்ற நடுத்தரப் பிடிப்புள்ள பசையைத் தடவி மாட்டுங்கள். அது தளராமல் பிடிப்பதோடு தண்ணீர் புகாமலும் காக்கும். 8 மி.மீ. போல்ட்டுக்கு அலுமினியத்தில் சுமார் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே. கிரேட் கம்பிகளின் அடிப்பகுதி வெல்டிங்கில் மயிரிழை போலத் துருநிறக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். அது விரிசல், மறுமுறை கல் பட்டால் கம்பி உடைந்து உள்ளே போகும். அனோடு (மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி) பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். உப்புத் தண்ணீருக்கு ஜிங்க் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மெக்னீசியம். நன்னீரில் ஜிங்க் அனோடு மேலே ஓடு கட்டிக்கொண்டு வேலை செய்யாமல் கிடக்கும், பார்க்கக் கரையாமல் இருப்பதை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, ஸ்கூப் ஏன் வேண்டாம்? ஸ்கூப் என்பது அடித்தளத்துக்குக் கீழே சற்று நீட்டி, ஓடும் தண்ணீரை வாரி உள்ளே தள்ளும் அகப்பை. அலையில் துள்ளும் கனமில்லாத படகுக்கும், பந்தயப் படகுக்கும் அதனால் உண்மையான நன்மை உண்டு: படகு தண்ணீரைவிட்டு எழும்பி விழும்போது பம்ப் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஈடாக இழுவை கூடும், அணியம் (படகின் முன்முனை) கீழே அழுந்தும், திடீர்த் திருப்பத்தில் முன்பக்கம் கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொள்ளவும் கூடும். ஆழமற்ற ஆற்றில் இதெல்லாம்கூடப் பெரிதல்ல. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் கல்லில் முதலில் மோதும் என்பதுதான் பெரிது. 1950களில் நியூசிலாந்தில் பில் ஹாமில்டன் சரளைக்கல் ஆறுகளுக்காக இந்த ஜெட்டை உருவாக்கியபோது, தண்ணீரை வெளியேற்றும் நாஸிலைப் படகின் அடியிலிருந்து நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றினார். வேகமும் கூடியது, அடித்தளத்துக்குக் கீழே எதுவும் தொங்காத நிலையும் வந்தது. ஆழமற்ற ஆற்றுக்கென்று பிறந்த அந்த அமைப்பில் கீழே ஒரு அகப்பையைக் கட்டித் தொங்கவிடுவது, அது எதற்காக வந்ததோ அதையே கெடுப்பது.

ரைடு பிளேட்டைத் தொடலாம், ஆனால் கடைசியில். இன்டேக்குக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தகட்டின் பின்முனையை 1 மி.மீ. வாஷர் வைத்து இறக்கினால் படகின் பின்பக்கம் தூக்கி அணியம் தாழும், தவளை போலத் துள்ளுவது அடங்கும், வளைவில் இன்டேக் தண்ணீரோடு ஒட்டி நிற்கும். உச்ச வேகம் சற்றுக் குறையும். ஒரு வாஷருக்கு மேல் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முன்னால் கனமான பொருளை வைத்துப் பார்ப்பதும் இதே பலனைச் செலவில்லாமல் காட்டும்: பேட்டரியையோ ஒரு ஆளையோ முன்னே நகர்த்தியதும் வளைவு அலறல் நின்றால், படகின் சாய்வுதான் காரணம்.

ஒவ்வொரு வேலைக்கும் பிறகு அளந்து பார்க்க வேண்டும். ஒரே அளவு எரிபொருள், ஒரே ஆட்கள், ஆற்றில் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் ஒவ்வொரு ஓட்டம், ஜி.பி.எஸ். வேகத்தின் சராசரி. 2000, 3000, 4000, முழு த்ராட்டில் என நான்கு இடங்களில் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பம்பின் அழுத்தப் பக்கத்தில் ஒரு அழுத்தமானி வைக்க முடிந்தால் நூறு ஊகங்களை அது மிச்சப்படுத்தும். நல்ல தண்ணீர் கிடைக்கும் பம்பில் அழுத்தம் ஆர்.பி.எம்.மின் இருமடி விகிதத்தில் ஏறும். 2000இல் 1 பார் காட்டினால் 4000இல் 4 பாருக்கு அருகே வர வேண்டும். அங்கே 3 பாரில் நின்றுவிட்டால் பம்ப் பட்டினி. முள் நிற்காமல் துடித்தால் காற்று. துடிக்காமல் உறுதியாக நின்று, ஆனால் குறைவாகக் காட்டினால் வேர் ரிங் தேய்மானம்.

பாதுகாத்து ஓட்டுவதைப் பற்றி இரண்டே வரி: முழங்கால் ஆழத்தில் நின்றபடி எஞ்சினைக் கிளப்பி முறுக்காதீர்கள், குறைந்தது 90 செ.மீ. தண்ணீர் அடியில் இருக்கட்டும். வேகத்தில் தாண்டும்போது கையளவு தண்ணீரில்கூடத் தப்பித்துவிடும் இன்டேக், நின்ற இடத்தில் அடிமணலைச் சூறாவளி போல உறிஞ்சி, ஒரு நிமிடத்தில் பல மணிநேரத் தேய்மானத்தை வேர் ரிங்கில் ஏற்றிவிடும்.

இவற்றையெல்லாம் சரிசெய்தபின் முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம். 200 அல்லது 300 இறங்கினால் பதறி இம்பெல்லரைச் சீவிவிடாதீர்கள். பம்ப் இப்போது நுரையை விட்டுக் கெட்டித் தண்ணீரைப் பிடிக்கிறது, எஞ்சினுக்குச் சுமை திரும்பியிருக்கிறது. வேகம் கூடியிருந்தால் அதுதான் சரியான நிலை. ஆர்.பி.எம். எஞ்சின் தயாரித்தவர் சொன்ன வரம்புக்கும் கீழே போய், எஞ்சின் நல்ல நிலையில் இருப்பதும் உறுதியானால் மட்டுமே இம்பெல்லர் அளவை மாற்றும் பேச்சு. அப்போதும் இருப்பதை வெட்டாமல், வேறொன்றைப் பொருத்திப் பாருங்கள்.